செருப்பில் ஒட்டிய மண்ணிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நாட்டில் இல்லாத பூச்சியோ நோயோ அங்கே தானாக வந்து சேர்வது குறைவுதான். காற்றோடு வருபவை சில உண்டு. மற்றவை யாராவது ஒருவரின் பெட்டியிலோ பார்சலிலோ காலணியிலோ ஏறித்தான் வருகின்றன. துறைமுகத்தில் தாவரச் சரக்குகளைச் சோதிக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். பயணிகளிடமும் விவசாயிகளிடமும் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மண். பையில் இருக்கும் பழத்தைவிட ஷூ அடியில் காய்ந்து கிடக்கும் சேறுதான் எனக்கு அதிகக் கவலை தரும். பழம் கண்ணுக்குத் தெரியும், கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சேற்றை யாரும் ஒரு பொருளாகவே நினைப்பதில்லை. வாழையின் வாடல் நோயை உண்டாக்கும் டிஆர்4 என்ற பூஞ்சை, வாழையே இல்லாத நிலத்திலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அதைக் கொல்ல மருந்து கிடையாது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அது போகக் காலணியில் ஒட்டிய கொஞ்சம் மண் போதும்.

அதனால் வயல், காடு, பண்ணை என்று எங்கே போய் வந்தாலும், அந்த இடத்தைவிட்டுக் கிளம்பும் முன்பே காலணியைச் சுத்தம் செய்யுங்கள். முதலில் பழைய பிரஷால் காய்ந்த மண்ணைத் தட்டி எடுங்கள். தையல் இடுக்கு, அடிப்பகுதியின் பள்ளம், லேஸ் துளை எல்லாம் பாருங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கிருமிநாசினி கடைசியில்தான். இந்த வரிசை முக்கியம்: மண் ஒட்டியிருக்கும்போது ஊற்றினால் பிளீச்சிங் கரைசல் மண்ணிலேயே வீரியம் இழந்துவிடும். கூடார ஆணி, ஊன்றுகோல் நுனி, சைக்கிள் சக்கரம், வெல்க்ரோ பட்டையில் சிக்கிய விதை, இவற்றையும் விடாதீர்கள்.

எல்லையில் படிவம் கொடுத்தால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சந்தேகம் இருந்தாலும் 'ஆம்' என்றே குறியுங்கள். உண்மையைச் சொன்னால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால்தான் அபராதம். 1966-ல் ஹவாயிலிருந்து மயாமிக்குத் திரும்பிய ஒரு சிறுவன் 3 ஆப்பிரிக்க ராட்சத நத்தைகளைக் கொண்டுவந்தான். அவை தோட்டத்தில் விடப்பட்டன. ஏழே வருடத்தில் 18,000-க்கு மேல் பெருகின. ஒழித்து முடிக்க 1975 ஆனது.

அடுத்தது இணையத்தில் வாங்கும் விதையும் கன்றும். இதில் நான் கறாரான ஆள். வெளிநாட்டிலிருந்து வரும் செடிக்குத் தாவர நலச் சான்றிதழ் இல்லையென்றால் வாங்கவே வாங்காதீர்கள். 'பார்க்க ஆரோக்கியமாகத்தானே இருக்கிறது' என்பது பதிலாகாது. இத்தாலியின் தெற்கில் 2013-ல் தெரியவந்து, ஆலிவ் மரங்களைக் கூட்டங்கூட்டமாகக் காயவைத்த சைலெல்லா பாக்டீரியா, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அலங்காரக் காபிச் செடி வழியாக நுழைந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்த அறிகுறியும் காட்டாமல் அந்த பாக்டீரியாவைச் சுமக்கக்கூடிய செடிகள் நிறைய. கேட்காமலேயே விதைப் பொட்டலம் தபாலில் வந்தால் விதைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். உறையோடு வேளாண் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

மரப்பெட்டியில் சரக்கு இறக்குபவர்கள் கட்டையில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் HT என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், கட்டையின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். முத்திரை இல்லாத கட்டையிலும், புதிதாக மரத்தூள் உதிர்ந்த கட்டையிலும் புழு இருக்கலாம். 2002-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டு, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்ற மரகத வண்டு இப்படிக் கட்டைக்குள் இருந்து வந்ததாகத்தான் நம்பப்படுகிறது.

பண்ணை வைத்திருப்பவர்கள் வெளி வண்டிகளை வாசலிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். வருபவர்களுக்குப் பண்ணையிலேயே ரப்பர் பூட்ஸ் வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். வாடகை அறுவடை இயந்திரம் முந்தைய வயலின் களை விதையைச் சுமந்து வரும், உள்ளே விடும் முன் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். புதிய கன்றைச் சில வாரம் தனியே வைத்து இலையின் அடிப்பக்கம் பாருங்கள். புதிய மாட்டையும் ஆட்டையும் அதேபோல் தனியே கட்டுங்கள். இறைச்சி கலந்த எச்சில் உணவைப் பன்றிக்குப் போடவே கூடாது. 2001-ல் பிரிட்டனில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளை வெட்ட வைத்த கோமாரி நோய், சரியாக வேகவைக்காத எச்சில் தீவனத்தில் தொடங்கியிருக்கும் என்பதுதான் விசாரணையின் முடிவு.

இதுவரை பார்த்திராத பூச்சியையோ வாடலையோ கண்டால் என்ன செய்வது? உடனே மருந்தடிக்கத் தோன்றும். பொறுங்கள். பிடுங்காதீர்கள், வெட்டாதீர்கள், பையில் போட்டு ஊரெல்லாம் காட்டாதீர்கள். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், இடத்தையும் தேதியையும் குறித்து வேளாண் அதிகாரிக்குச் சொல்லுங்கள். பூச்சியைப் பிடிக்க முடிந்தால் மூடி உள்ள டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைக்கலாம். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அடையாளம் காண்பது அவர்கள் வேலை. பதில் வரும்வரை அந்த இடத்திலிருந்து கன்று, மண், கருவி எதையும் வெளியே எடுக்காதீர்கள். பக்கத்து வயல்காரரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள்.