என்.ஏ.வி 10, சந்தை விலை 8.80: குளோஸ்டு எண்ட் ஃபண்டை எடைபோடுவது எப்படி?

ஓப்பன் எண்ட் ஃபண்டில் யூனிட்டை (ஃபண்டில் உங்கள் பங்கு) ஃபண்டிடமே கொடுத்து என்.ஏ.வி விலைக்கு, அதாவது கடன் போக ஒரு யூனிட்டுக்கு வரும் சொத்து மதிப்புக்கு, பணம் வாங்கிவிடலாம். குளோஸ்டு எண்ட் ஃபண்டில் அந்த வழி பொதுவாகக் கிடையாது. ஆரம்பத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் யூனிட் விற்பார்கள். அப்புறம் வாங்குவதும் விற்பதும் பங்குச் சந்தையில், முதலீட்டாளர்களுக்குள்தான். 1868-ல் லண்டனில் தொடங்கிய ஃபாரின் அண்ட் கலோனியல் டிரஸ்ட் இன்றும் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கிறது.

1. என்.ஏ.வி-யைக் கணக்கிடுங்கள்

ஃபண்டிடம் உள்ள சொத்து 120 கோடி, கடன் 20 கோடி, யூனிட்டுகள் 10 கோடி என்று வைத்துக்கொள்வோம். 120-ல் 20 போக 100. அதை 10-ஆல் வகுத்தால் என்.ஏ.வி 10.

2. சந்தை விலையைப் பக்கத்தில் வையுங்கள்

சந்தையில் 8.80-க்குக் கிடைத்தால், வித்தியாசம் 1.20. அதை என்.ஏ.வி-யால் வகுத்தால் 12% டிஸ்கவுன்ட். விலை 10-க்கு மேல் போனால் அது பிரீமியம்.

3. டிஸ்கவுன்டைக் கண்டு மயங்காதீர்கள்

10 பெறுமானமுள்ளது 8.80-க்கு என்றால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த 1.20 தானாக உங்கள் கைக்கு வராது. ஃபண்ட் முதிர்வடைந்து கலைய வேண்டும், ஓப்பன் எண்டாக மாற வேண்டும், அல்லது யூனிட்டுகளைத் தானே திரும்ப வாங்க வேண்டும். இல்லையென்றால் 12% நாளைக்கு 18% ஆகலாம். இந்த ஃபண்ட் சில வருடங்களாக எத்தனை சதவீத டிஸ்கவுன்டில் இருந்தது என்று பாருங்கள். எப்போதும் 12% தான் என்றால் இதில் மலிவு ஒன்றுமில்லை.

4. கடனைப் பாருங்கள்

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். சொத்து 10% சரிந்து 108 கோடி ஆனாலும் கடன் அதே 20 கோடி. மிச்சம் 88; என்.ஏ.வி 8.80. சந்தை 10% இறங்க, உங்களுக்கு 12% அடி. ஏறும்போதும் இதே கணக்குதான், அதனால்தான் கடன் வாங்குகிறார்கள்.

5. பட்டுவாடா எங்கிருந்து வருகிறது?

வருடத்துக்கு யூனிட்டுக்கு 0.80 தருகிறார்கள், 8.80 விலைக்கு அது 9% சொச்சம். சரி, ஃபண்ட் சம்பாதித்தது எவ்வளவு? 0.50 என்றால், மீதி 0.30 உங்கள் முதலே திரும்பி வருகிறது, என்.ஏ.வி அந்த அளவுக்குக் கரையும்.

6. லிமிட் ஆர்டர் போடுங்கள்

லிமிட் ஆர்டர் என்றால் ‘இந்த விலைக்கு மேல் வாங்க மாட்டேன்’ என்று சொல்லி வைப்பது. பல ஃபண்டுகளில் தினசரி வர்த்தகம் சொற்பம். கிடைக்கிற விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால், 8.80-க்கு நினைத்தது 9.10-க்கு வந்து விழும்.