மஞ்சள் காமாலை: நாம் கோட்டைவிடும் இடங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாருக்காவது கண் மஞ்சளித்தால், "எங்கே மருந்து குடிக்கலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. எதனால் வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இதுதான். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் வருவதே அதனால்தான். அணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும், கல்லீரல் கெட்டாலும், பித்தக்குழாய் அடைத்தாலும் கண் ஒரே மாதிரிதான் மஞ்சளாகும். ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பச்சிளம் குழந்தைகளிடமிருந்து தொடங்குகிறேன். நிறைமாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல் மஞ்சளாகும். குறைமாதக் குழந்தைகளில் இன்னும் அதிகம். பிறந்து மூன்று முதல் ஐந்து நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், சுகப்பிரசவமானால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் ஏறுகிற நேரத்தில் குழந்தை தாய்வீட்டில் இருக்கும், அதுவும் பழைய வளவு வீடென்றால் காற்றுப் படக்கூடாது என்று உள்ளறையில், ஒற்றை பல்பு வெளிச்சத்தில். அந்த வெளிச்சத்தில் எந்த அனுபவசாலி ஆச்சிக்கும் மஞ்சள் தெரியாது. தினமும் ஒருமுறை பகல் வெளிச்சம் விழும் முற்றத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, நெற்றியிலும் மார்பிலும் விரலால் லேசாக அழுத்தி எடுத்துப் பாருங்கள். ஈறையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்கள். முகத்தில் தொடங்கும் மஞ்சள் கீழே இறங்கிக்கொண்டே போகும். வயிற்றைத் தாண்டிக் காலுக்கு வந்துவிட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கறுத்த குழந்தைகளிடம் கண் பார்வை இன்னும் ஏமாற்றும் என்பதால் சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனைதான் வழி.

ரத்தப் பரிசோதனையில் வரும் பிலிருபின் அளவை (ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற எண்) மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும் தவறு. "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் 12 தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். நிறைமாதக் குழந்தைக்கு நான்காம் நாள் 12 என்றால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். முதல் நாளிலேயே 12 என்றால் அது அவசரம். பிறந்து எத்தனை மணி நேரம், எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதை வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலே அதை இயல்பானது என்று விடக்கூடாது. தாய் ஆர்ஹெச் நெகட்டிவாகவும் குழந்தை பாசிட்டிவாகவும் இருக்கலாம். தாய் ஓ குரூப், குழந்தை ஏ அல்லது பி ஆக இருக்கலாம். இப்படி ரத்தப் பிரிவு ஒத்துப்போகாவிட்டால் குழந்தையின் சிவப்பணுக்கள் வேகமாக உடையக்கூடும். அம்மாவின் ரத்தப் பிரிவு எழுதிய சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. 1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் குழந்தைகளை வெயிலுக்குக் கொண்டுபோனபோது, வெளிச்சம் பட்ட தோலில் மஞ்சள் மங்கியிருந்ததைக் கவனித்தார். இன்றைய நீலவிளக்குச் சிகிச்சை அதிலிருந்துதான் வளர்ந்தது. ஆனால் அந்த விளக்கு, தேவையான நீல ஒளியை அளந்து, உடம்பு முழுக்க, மணிக்கணக்கில் தருகிறது. வெயிலுக்கு அந்த அளவில்லை. பிஞ்சுத் தோல் காய்ந்துபோகும், உடம்புச் சூடு ஏறும் அல்லது குளிர்ந்துவிடும். எல்லாவற்றையும் விட, "நாளையும் காட்டிப் பார்ப்போம்" என்று கைவிட்டுப் போகிற நாள்தான் பெரிய நஷ்டம். பிலிருபின் மிக அதிகமானால் மூளையைத் தாக்கும். காது கேளாமையும் கை கால் கோளாறும் வாழ்நாள் முழுக்க நிற்கும். குழந்தை பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ, கீச்சென்று அழுதாலோ, உடம்பை வில்லாக வளைத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மஞ்சள் என்றதும் தாய்ப்பாலை நிறுத்திச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, தெருவில் கொண்டுவரும் கழுதைப்பாலைச் சங்கில் புகட்டுவது, இரண்டும் வேண்டாம். குழந்தை அடிக்கடி பால் குடித்து மலம் கழித்தால்தான் பிலிருபின் வெளியேறும். வயிறு காய்ந்தால் அது குடலிலிருந்து மறுபடி ரத்தத்துக்கே திரும்பும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுங்கள். இன்னொன்று: டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய துணிகளை எடுத்துப் பிள்ளைக்கு விரிக்கும் வழக்கம் இங்கே உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையில் உள்ள நாஃப்தலின் பட்டால் சிவப்பணுக்கள் சட்டென்று உடையும். அந்தத் துணிகளை ஒதுக்கிவிடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது இரண்டு வாரம் தாண்டியும் போகாத மஞ்சள். "தாய்ப்பால் மஞ்சள்தான், போய்விடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பல சமயம் அது உண்மைதான். ஆனால் 14 நாளுக்கு மேல், குறைமாதமென்றால் 21 நாளுக்கு மேல் மஞ்சள் நின்றால் மொத்த பிலிருபினோடு நேரடி பிலிருபினையும், அதாவது கல்லீரல் பக்குவப்படுத்திய பிலிருபினையும், பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு, சிறுநீர்த் தொற்றுப் பரிசோதனைகளும் இதோடு சேரும். நேரடி பிலிருபின் கூடியிருந்தால் பித்தக்குழாய் அடைப்பு இருக்கக்கூடும். மலம் வெளிறிப் போவதும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படிவதும் அதற்கு அடையாளம். பச்சிளம் குழந்தையின் சிறுநீருக்கு நிறமே இருக்கக் கூடாது. பழைய வேட்டித் துணியில் இது பளிச்சென்று தெரிந்தது, டயப்பரில் தெரிவதில்லை. ஜப்பானிய அறுவை மருத்துவர் கசாய் கண்ட அறுவை சிகிச்சை, 60 நாளுக்குள் செய்தால் நல்ல பலன் தருகிறது. தள்ளிப்போகப் போகக் கல்லீரல் சுருங்கி, மாற்றுக் கல்லீரல் வரைக்கும் போய்விடும்.

பெரியவர்களுக்கு வருவோம். மஞ்சள் பூசிக் குளிப்பவர்களின் தோலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அதிலும் மஞ்சள் தெரிந்தால், கீழாநெல்லியில் தொடங்குவதுதான் நம் வழக்கம். ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும். அதனால் அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அதற்கே பெயர் வருகிறது. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யைக் குறைப்பதாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பின்னால் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. என் வருத்தம் அந்தச் செடியின் மேல் இல்லை. பித்தப்பைக் கல், கணையத்தின் தலைப்பகுதிப் புற்றுநோய், எலிக்காய்ச்சல், குடி, காசநோய் மாத்திரை என்று காரணம் எதுவாக இருந்தாலும் அதே சாற்றைக் குடித்துக்கொண்டு மாதம் கடத்துவதுதான் வருத்தம். அறுபது வயதுக்காரருக்கு வலியே இல்லாமல் மஞ்சள் ஏறி, எடை குறைந்து, உடம்பெல்லாம் அரித்தால் உடனே வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். கையில் சூடு போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்; அதில் புண்தான் மிச்சம்.

லேப் ரிப்போர்ட்டில் ஒரு மோசமான கண்ணி இருக்கிறது. "எஸ்ஜிபிடி 2000-த்திலிருந்து 200-க்கு வந்துவிட்டது" என்று குடும்பமே சந்தோஷப்படும். எஸ்ஜிபிடி என்பது கல்லீரல் அணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதி. கல்லீரல் அணுக்கள் தேறினாலும் அந்த எண் குறையும். அழிவதற்கு அணுக்களே மிச்சமில்லாமல் போனாலும் குறையும். ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐஎன்ஆரையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், பேச்சு குழறினால், ஈறில் ரத்தம் கசிந்தால் மதுரையில் உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

சாப்பாட்டில் உப்பையும் எண்ணெயையும் அறவே நிறுத்திக் கஞ்சியிலேயே போடுவது பலவீனத்தைத்தான் தரும். குமட்டல் இல்லாவிட்டால் வழக்கமான வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம். மதுவைத் தொடவே கூடாது. குளிர்ச்சி என்று ரோட்டோரக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுக்கிறார்கள். அதில் போடுகிற ஐஸே ஹெபடைடிஸ் ஏ-யைக் கொண்டுவரலாம்.

தண்ணீர் விஷயத்தில் ஊருணி ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேற்றாங்கொட்டை இழைத்தால் தண்ணீர் தெளியும், துணியில் வடிகட்டினால் தூசி போகும், வைரஸ் போகாது. கொதிக்க வைத்தால்தான் போகும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இதில் சமரசமே வேண்டாம், ஏனென்றால் தண்ணீர் வழியே பரவும் ஹெபடைடிஸ் ஈ வைரஸ் கடைசி மாதங்களில் உயிரையே எடுக்கும். யாருக்காவது, ரத்தம் வழியே பரவும் ஹெபடைடிஸ் பி என்று வந்தால் வீட்டில் எல்லோரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பிறக்கும் பிள்ளைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும்; தாய்க்கு இந்த வைரஸ் இருந்தால் அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் போட வேண்டும் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி வையுங்கள்.