தாராவியிலிருந்து கிரேக்கப் பானைகளைப் படிப்பது

எங்கள் வீட்டிலிருந்து குயவர்கள் வாழும் கும்பார்வாடா நடக்கும் தூரம்தான். பானை மேல் எனக்கு ஆசை வந்தது அங்கேதான்.

கிரேக்கப் பானைகளுக்கு ஆக்ஸ்போர்டின் பீஸ்லி காப்பகத் தரவுத்தளத்தில் தொடங்குங்கள், காசு வேண்டாம். ஓவியர் பெயரை விட்டுவிட்டு முதலில் வடிவத்தை வைத்துத் தேடுங்கள். ஹைட்ரியா என்று போட்டுப் பாருங்கள். நம்ம தண்ணீர்க் குடம் மாதிரிதான், ஆனால் மூன்று கைப்பிடி: தூக்க இரண்டு, ஊற்ற ஒன்று. வேலை புரிந்தால் வடிவம் மனதில் நிற்கும். ஒவ்வொரு பானைக்கும் உள்ள பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத் தளம். காப்புரிமை இல்லாத பொருள்களின் படங்களை 2017 முதல் யாரும் தடையின்றி எடுத்துக்கொள்ளலாம். அங்கே பெர்லின் ஓவியர் என்று அழைக்கப்படுபவரின் ஆம்ஃபோராவை, அதாவது இரண்டு கைப்பிடி ஜாடியைத் தேடுங்கள், கி.மு. 490 வாக்கில் செய்தது. யாழ் மாதிரியான கித்தாரா மீட்டும் இளைஞன், தலையைப் பின்னால் சாய்த்துப் பாடுகிறான். அவனைச் சுற்றி வெறும் கறுப்பு. படத்தைப் பெரிதாக்கி ஆடை மடிப்பை நிதானமாகப் பாருங்கள். நான் ஒரு ஞாயிறு முழுக்க அதைப் பென்சிலில் வரைந்தேன். அப்போதுதான் அந்த ஓவியரின் கைப்பழக்கம் பிடிபட்டது. கிரேக்கப் பானைகளை ஆராய்ந்த அறிஞர் ஜான் பீஸ்லியும் இப்படிப்பட்ட கோடுகளை வைத்துத்தான் ஓவியர்களைப் பிரித்தார். பெர்லின் ஓவியர் என்பதும் பெர்லினில் உள்ள ஒரு பானையால் வந்த பெயர்தான்.