டே கெயாரில் விடமுதல் கிணற்றடியைப் பாருங்கள்

கிளிநொச்சியில் என் மகளுக்கு டே கெயார் தேடியபோது நான் விட்ட முதல் பிழை, காலை ஒன்பது மணிக்கு, அதுவும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனது. கூட்டித் துடைத்த நிலம், சுவரில் முயலும் மயிலும், குளித்து முழுகிச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். அன்றே காசு கட்டிவிட்டேன். இரண்டு கிழமை கழித்து அரைநாள் லீவில் மத்தியானம் போனேன். ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரேயொரு அக்கா. அவர் ஒரு பிள்ளையைக் கழுவப் பின்பக்கம் போயிருந்தார். என் மகள் நனைந்த காற்சட்டையோடு வாசற்படியில் தனியே இருந்தாள். அந்த அக்காவை நோகமாட்டேன், அவருக்கும் இரண்டு கைதானே.

ஆகவே பதினொன்றரைக்கும் ஒன்றரைக்கும் இடையில், சொல்லாமல் போங்கள். சோறு தீத்துவதும் நித்திரையாக்குவதும் ஒன்றாக வந்து நெரிக்கும் நேரம் அது. மலம் கழுவிவிட்டு வந்தவர் அடுத்த பிள்ளைக்குத் தீத்தமுதல் சவர்க்காரம் போடுகிறாரா? அழுகிற பிள்ளையிடம் யார் போகிறார்? மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்பதோடு, தவழுகிற வயதில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். அந்த வயதில் நான்கு பேரை ஒருவர் பார்ப்பதே பெரும்பாடு.

அடுத்தது கிணறு. வன்னியில் கிணறில்லாத வளவு குறைவு. பின்பக்கம் போய்ப் பார்க்கக் கேட்டால் மரியாதையில்லை என்று கூச்சப்படுகிறோம். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். கட்டு பிள்ளையின் நெஞ்சுக்கு மேலே நிற்கிறதா, மேலே கம்பிவலை இருக்கிறதா, பக்கத்தில் ஏறி நிற்கக்கூடிய உடுப்புத் தோய்க்கும் கல்லோ கவிழ்த்த வாளியோ கிடக்கிறதா என்று பாருங்கள். மாரியில் தண்ணீர் மேலேறிவிடும். பக்கத்து வளவில் கட்டில்லாத தோட்டக்கிணறு இருந்தால் நடுவிலுள்ள வேலியையும், படலையின் கொளுக்கி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். குளியலறை வாளியும் அப்படித்தான். தலை பாரமான வயதில் குப்புற விழுந்த பிள்ளைக்கு எழும்பத் தெரியாது, ஒரு சாண் தண்ணீரே போதும். சத்தமும் வராது.

நித்திரை அறைக்குத் தகரக் கூரை என்றால் மத்தியான வெயிலில் அங்கே பத்து நிமிடம் நின்று பாருங்கள். வேறு எதுவும் கேட்கத் தேவையிருக்காது.

இரண்டு வயதுப் பிள்ளையை, 'எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்' என்று முன்பள்ளியில் விடுவது இன்னொரு பிழை. முன்பள்ளி மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. மத்தியானத்தோடு முடிந்தும் விடும். பிறகு ஓட்டோவில் ஏற்றி இன்னொரு வீட்டுக்கு அனுப்பப்படும் சின்னப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்குக் கிட்ட என்பதற்காக மட்டும் தெரிவு செய்யாதீர்கள். பால் குடிக்கும் பிள்ளை என்றால் வேலையிடத்துக்குக் கிட்ட இருப்பதே நல்லது. தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலை செய்யும் தாய்க்குப் பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நாளுக்கு இரண்டு தடவை பாலூட்ட நேரம் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அங்கேயே பிள்ளைப் பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம், இல்லையென்றால் ஒரு மணித்தியாலம். டே கெயார் தூரத்தில் இருந்தால் அந்த நேரம் பஸ்சிலேயே போய்விடும்.

சொந்தக்காரர் நடத்துகிறார் என்றால் கேள்வி கேட்க வாய் வராது, அதையும் யோசியுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் ஒரு சொல் கேளுங்கள், வீடு வீடாகப் போகிறவருக்குத் தெரியாதது குறைவு. விட்ட பிறகு, முதல் நாட்களில் பிள்ளை அழுவது வழமை. ஒரு மாதம் கடந்தும் படலையைக் கண்டதும் விறைத்துப்போனால், காரணம் சொல்லமுடியாத காயம் இருந்தால், பொறுக்கவேண்டாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

மகள் இப்போது போகும் இடத்தில் சுவரில் ஒரு படமும் இல்லை. நான் முதல் தடவை போனபோது பன்னிரண்டு மணி. மடியில் ஒரு குழந்தையோடு இருந்த அக்கா எழும்பவில்லை. “இப்பதான் கண்ணயர்ந்தவன், கொஞ்சம் இருங்கோ தங்கச்சி” என்றார் மெதுவாக. நான் பாயின் ஓரத்தில் இருந்தேன்.