வெளிநாட்டில் இயன்முறை மருத்துவக் களப்பயிற்சி: மாணவர் தம்மைப் பழக்கிக்கொள்வது எப்படி?

களப்பயிற்சிக்காக வேறு நாட்டு மருத்துவமனைக்குச் செல்லும் இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) மாணவர், பயணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே தடுப்பூசிச் சான்றுகளைச் சரிபார்த்துவிட வேண்டும். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியின் வழக்கமான 3 தவணைகளும் முடிய ஏறக்குறைய 6 மாதங்கள் ஆகிவிடும். காப்பீடு எதற்கெல்லாம் பொருந்தும், மேற்பார்வையாளர் அருகில் இல்லாதபோது எதையெல்லாம் செய்யக் கூடாது என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. சில நாடுகளில் நோயாளி நேரடியாகவே இயன்முறை மருத்துவரிடம் வரலாம், வேறு சிலவற்றில் மருத்துவரின் பரிந்துரை வேண்டும் என்பதால், ஊரில் பழகிய எல்லைகள் அங்கும் செல்லுமென்று எண்ணிவிடலாகாது.

முதல் சில நாள்கள் கைகளைவிடக் கண்களுக்கே அதிக வேலை கொடுங்கள். நோயாளியைத் தொடுமுன் எப்படி அனுமதி கேட்கிறார்கள், எந்த அளவுக்கு ஆடையை விலக்கி எதைப் போர்த்துகிறார்கள், குடும்பத்தார் உடனிருக்கலாமா என்பவற்றைக் கவனித்து, அதன்படியே நடந்துகொள்ளுங்கள்.

மொழி முழுவதையும் கற்க நேரமிராது. 'மடக்குங்கள்', 'நீட்டுங்கள்', 'மூச்சை அடக்காதீர்கள்', 'வலித்தால் உடனே சொல்லுங்கள்' போன்ற சில தொடர்களைத் தவறின்றி உச்சரிக்கப் பழகி, ஒவ்வொன்றையும் சொல்லும்போதே உங்கள் உடலிலும் செய்துகாட்டுங்கள். இவற்றினும் முக்கியமாக, ஆபத்தைக் காட்டும் பதில்கள் புரிய வேண்டும்: முதுகுவலியுள்ளவர் சிறுநீர் கட்டுப்படவில்லை என்றோ தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறது என்றோ சொன்னால், அறுவை சிகிச்சை முடிந்தவரின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், சிகிச்சையை நிறுத்தி மேற்பார்வையாளரை உடனே அழைக்க வேண்டும். ஐயமிருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நோயாளியின் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது பாதுகாப்பான வழியன்று.

தசை வலிமைக்கான 0 முதல் 5 வரையிலான மதிப்பீடும், வலிக்கான 0 முதல் 10 வரையிலான அளவுகோலும் பல நாடுகளில் வழக்கிலிருப்பவை என்பதால் அவை உங்களுக்குக் கைகொடுக்கும். சுருக்கக் குறியீடுகள் அப்படியல்ல. மருத்துவமனையின் பட்டியலைப் பெறும்வரை குறிப்புகளை முழுச் சொற்களிலேயே எழுதுங்கள்.

மாணவர் பெரிதும் தடுமாறும் இடம் சிகிச்சை இலக்குதான் என்பது என் உறுதியான கருத்து. முழங்கால் மாற்று அறுவை முடிந்தவர் நாற்காலியிலிருந்து எழுவதற்கு மூட்டு ஏறக்குறைய 90 பாகை மடங்கினால் பெரும்பாலும் போதும். தரையில் அமர்ந்து எழவோ குந்தவோ அதைவிட மிக அதிகமாக மடங்க வேண்டும், அதைப் புதிய மூட்டுக்கு அறுவை மருத்துவர் அனுமதிக்கவும் வேண்டும். ஆகவே அவர் எங்கே படுக்கிறார், எப்படிக் குளிக்கிறார், வீட்டில் எத்தனை படிகள், கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டறிந்த பிறகே பயிற்சிகளை வகுத்து, மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள்.

மேற்பார்வையாளர் குறை சொல்லாமலிருப்பதை நிறைவின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம்; எதைத் திருத்திக்கொள்ள வேண்டுமென வாரந்தோறும் நீங்களே கேளுங்கள். தனிமையும் சோர்வும் உறக்கத்தைக் கெடுக்குமளவுக்கு வளர்ந்தால், பயிற்சி முடியும்வரை பொறுத்திராமல் கல்லூரிப் பொறுப்பாசிரியருக்கு அன்றே தெரிவித்துவிடுங்கள்.