‘பை’ என்னும் சிறு சொல்லில் நேரும் பிழைகள்

நாகர்கோவிலில் ஆவணங்களை மொழிபெயர்த்துத் தரும் எனக்கு, இந்த வேலையைப் பழக வரும் பிள்ளைகளின் தாள்களைத் திருத்தும்போதெல்லாம் என் பழைய தாள்களையே மறுபடியும் திருத்துவது போலிருக்கிறது. ‘பை’ (by) என்ற ஆங்கில முன்னிடைச்சொல்லுக்கு ‘ஆல்’ என்ற ஒரே பொருளை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். கடலோரம் என்று பொருள்படும் ‘பை த சீ’ என்பதைக் ‘கடலால்’ என்று எழுதிவிட்டு, தாங்களே சிரித்து அடித்தும் விடுகிறார்கள். சிரிப்பு வராத பிழைகளே எனக்குக் கவலை தருகின்றன.

கெடு நாள்

தொழிலுக்கு வந்த புதிதில், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த குளச்சல்காரர் ஒருவர் தம் நிறுவனத்தின் கடிதத்தைக் கொண்டுவந்தார். ‘ரிஜாயின் பை ஜூன் 15’, அதாவது ஜூன் 15க்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றிருந்ததை நான் ‘ஜூன் 15 வரை விடுப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். அவரும் 15ஆம் தேதி இரவு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, 16ஆம் தேதி வேலைக்குப் போய் நின்றார். சம்பளத்தில் பிடித்தது போதாதென்று அடுத்த விடுப்பையும் தள்ளிவைத்துவிட்டார்கள். பின்பு ஊருக்கு வந்தபோது, “கடுதாசியில அப்பிடித்தானே போட்டிருந்துது, சாரே?” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கெடுவைக் குறிக்கும் ‘பை’, அந்த நாளுக்குள் செயல் முடிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த நாளும் கெடுவில் அடங்கும். ‘அண்டில்’ (until) அந்த நாள் வரை ஒரு நிலை நீள்வதைச் சொல்கிறது. நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகுகள் மே 31க்குள் கரை திரும்ப வேண்டும் என்பதற்கு ‘பை’ வரும். ஜூலை 31 வரை கட்டிக் கிடக்கும் என்பதற்கு ‘அண்டில்’ வரும். திரும்புதல், செலுத்துதல், ஒப்படைத்தல் என ஒரே முறையில் முடியும் வினையா, காத்திருத்தல், தங்கியிருத்தல் என நீளும் வினையா என்று பார்த்தாலே போதும். ‘15 வரை பணம் கட்டலாம்’ என்று தமிழில் நாம் இயல்பாகச் சொல்வதுதான் குழப்பத்தின் வேர். அதற்குள் கட்டி முடிக்க வேண்டும் என்ற கெடுவானால், அந்த ‘வரை’யை ஆங்கிலத்தில் ‘பை’ என்றே எழுத வேண்டும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மாணவர் தாளில் இந்தப் பிழையைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏற்ற இறக்கம்

ரப்பர் விலை ‘பை’ 10 ரூபாய் இறங்கினால், இறங்கிய தொகை 10 ரூபாய். ‘டு’ 10 ரூபாய் இறங்கினால் விலையே 10 ரூபாய். இரண்டையும் மாற்றிப் போட்ட அறிக்கையோடு, ரப்பர் விளையும் குலசேகரம் பக்கம் போக வேண்டாம்.

கருவி

‘வெட்டப்பட்டது’ என்னும் வாக்கியத்தில் வெட்டியவருக்கு ‘பை’, கத்திக்கு ‘வித்’.

வண்டி

‘பை பஸ்’ சரி. வண்டிக்கு முன்னால் ‘என்’, ‘அந்த’ என்று ஏதேனும் வந்துவிட்டால் ‘பை’ நிற்காது: பைக்குக்கு ‘ஆன்’, காருக்கு ‘இன்’.