மாத்திரைப் பையைப் பார்க்காமல் சூரணம் கொடுக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அரசு கிளினிக்குக்குப் போனால் மருந்து இலவசம். ஆயுர்வேத ஆலோசனைக்கோ கைக்காசு வேண்டும். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பென்ஷன் பணத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு அது எட்டாது. அதனால்தான் கோயில் மண்டபத்தில் இலவச ஆயுர்வேத முகாம் தேவைப்படுகிறது. நாற்காலி, பந்தல், ஒலிபெருக்கி எல்லாம் புதுக் குழுக்களுக்கே தெரியும். அவர்கள் சறுக்குகிற இடங்கள் வேறு.

பதிவு இல்லாத வைத்தியர்

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஆயுர்வேதம், ஹோமியோபதி, யுனானி-திப் முதலியவற்றுக்குத் தனி மன்றப் பதிவு உண்டு. அந்தப் பட்டியலில் சித்தம் தனிப்பிரிவாக இல்லை. ஊரிலிருந்து வந்த வைத்தியர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், இங்கே பதிவில்லாமல் நாடி பார்த்து மருந்து கொடுக்க வைக்காதீர்கள்.

மாத்திரைப் பை

பெயர், வயது, என்ன கஷ்டம். பல முகாம்களில் நோயாளியின் அட்டை இதோடு முடிந்துவிடுகிறது. கிளினிக் மாத்திரை பற்றிக் கேட்டாலும் "சுகருக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று" என்ற பதிலை வாங்கிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். இதைப் பார்த்தால் இன்னமும் கோபம் வருகிறது. பையைத் திறந்து பார்க்கச் சில நிமிடங்கள் போதும். பார்க்காமல் விட்டால் ஒருவர் வீட்டில் மயங்கி விழலாம்.

சுகர் மாத்திரை எல்லாம் ஒன்றல்ல. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் இவற்றில் ஒன்று இருந்தால் கதை வேறு. ஒரு பாட்டி காலையில் கிளிமெபிரைட் போடுகிறார். முகாமில் சொன்னபடி பாகற்காய்ச் சாறும் வெந்தயப் பொடியும் சாப்பிடுகிறார். காவடி விரதம் என்று பகல் முழுக்கப் பட்டினி. மத்தியானம் குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறுகிறது. வீட்டில் உள்ளவர்கள் அருள் வந்திருக்கிறது என்று நினைத்துவிடலாம்; உண்மையில் சர்க்கரை தாழ்ந்துவிட்டது. விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

பிரஷருக்கு இங்கே வழக்கமாகத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைட், பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். அதிமதுரமும் அதையே செய்யும், பிரஷரையும் ஏற்றும். தொண்டைக் கட்டுக்கு என்று இரண்டு வாரத்துக்கு அதிமதுரப் பொடியை மடித்துக் கொடுக்கிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

எச்ஐவி பற்றி யாரும் கேட்பதே இல்லை. நாட்டில் அந்தத் தொற்று மிக அதிகமுள்ள மாகாணங்களில் ஒன்று, டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால். 2019 இறுதியிலிருந்து அரசு தரும் கூட்டு மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்து இருக்கிறது. கால்சியமும் இரும்பும் குடலிலேயே அதைப் பிடித்துக்கொள்வதால் மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. சங்கு பற்பம், பவளப் பற்பம் எல்லாம் கால்சியம், அயச்செந்தூரம் இரும்பு. டோலுடெக்ராவிரை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். இன்னொன்று: அது மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் உயர்த்தும். இரண்டும் சேர்ந்திருந்தால் மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. பையில் அதைவிட அதிகம் இருந்தால் நீங்களே குறைக்கப் போகாதீர்கள், கிளினிக்குக்கு எழுதி அனுப்புங்கள்.

வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி நிற்கும்போது யார் வாய் திறப்பார்கள்? ஒரு திரை கட்டுங்கள். அழைப்பிதழிலேயே "கிளினிக் மாத்திரைப் பையை அப்படியே கொண்டு வாருங்கள்" என்று போடுங்கள். ஒரு நர்ஸோ மருந்தாளரோ ஒவ்வொரு டப்பாவையும் பார்த்து, பெயரையும் மி.கி. அளவையும் அட்டையில் எழுதட்டும். சூலு வைத்தியரிடம் வாங்கிய மூத்தி (நாட்டு மருந்து) உண்டா என்றும் முகம் சுளிக்காமல் கேளுங்கள். நீங்கள் கொடுத்ததை ஆங்கிலத்திலும் சூலுவிலும் எழுதிய இன்னொரு பிரதி நோயாளியின் கையில் இருக்க வேண்டும். கிளினிக் நர்ஸுக்குச் சூரணத்தின் தமிழ்ப் பெயர் புரியாது. பை கொண்டு வராதவருக்கு அன்று உள்மருந்து கிடையாது. வெளிப்பூச்சுத் தைலம், மூச்சுப் பயிற்சி, உணவு ஆலோசனை, அவ்வளவுதான்.

"அந்த மாத்திரையை நிறுத்திப் பாருங்கள்"

சொல்லவே கூடாது.

வேம்பு அல்லாத வேம்பு

டர்பன் தெருவோரங்களில் வேம்பு போல நிற்பது பெரும்பாலும் சிரிங்கா, மலைவேம்பின் வகை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலைக்குப் பதிலாக அதைக் கட்டுகிறார்கள். கட்டட்டும். அரைத்து உள்ளுக்குக் கொடுப்பதுதான் ஆபத்து. வேம்பின் இலைக்காம்பு கிளைக்காது, இரு பக்கமும் சிற்றிலைகள் நிற்கும். சிரிங்காவின் காம்பு மறுபடி கிளை பிரியும். வேப்பம்பூ வெள்ளை, சிரிங்காப் பூ இளம் ஊதா. இலை உதிர்ந்த குளிர்காலத்திலும் அதன் மஞ்சள் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அந்தக் காய் வயிற்றையும் நரம்பையும் தாக்கும் விஷம். குழந்தைகள் பொறுக்கித் தின்னாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இருமல்

இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு ஆடாதொடை மணப்பாகை நீட்டாதீர்கள். முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. எச்ஐவி உள்ளவர் என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பெட்டியில் வந்த செந்தூரம்

பரிசோதனைச் சான்று இல்லாததை வாங்காதீர்கள். ஈயம், பாதரசம் இருக்கலாம்.

அடுப்பு

குடிநீர் சூரணத்தைக் கால் பங்காக வற்றக் காய்ச்சச் சொல்கிறீர்கள். முன்பணம் போட்டு மின்சாரம் வாங்கும் வீட்டில் தினம் அரைமணி நேரம் அடுப்பு எரிப்பது பெரிய செலவு. மூன்றாம் நாள் காய்ச்சுவதை விட்டுவிடுவார்கள், பொட்டலம் அலமாரியில் கிடக்கும். வைத்தியர் ஒப்புக்கொண்டால், காய்ச்சத் தேவையில்லாத வடிவத்தில் கொடுங்கள்.

நாள்

மாதத்தின் முதல் வாரம் வேண்டாம். பென்ஷன் எடுக்கப் போய்விடுவார்கள். கிளினிக்கில் மாத்திரை தரும் நாளை முன்கூட்டியே விசாரித்து, அதற்கு அடுத்த சனிக்கிழமையில் வையுங்கள். அப்போது பை நிறைந்திருக்கும்.